அழுக்கு இல்லை, லோடு

தயிர்ச்சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது பல்லுக்கிடையில் 'நறநற' என்று ஏதாவது கடிபட்டால், எங்கள் வீட்டில் யாரும் அரிசியில் கல் என்று சொல்லமாட்டார்கள். வண்டி போயிருக்கிறது என்பார்கள். திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையில், ரயில் பாதைக்குச் சற்றே தள்ளியிருந்த எங்கள் தெருவில், நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டியின் சத்தம் தூரத்தில் கேட்டதுமே எதிர்வீட்டுக் கலாவின் அம்மா வாசலுக்கு வந்துவிடுவார். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர் அவர். ஏலத்தில் பழகிய குரல். "கரி வண்டி வந்துகினு கீது, துணிய எடுங்கமே!" என்று அவர் ஒரு சத்தம் போட்டால் தெருவில் அத்தனை மாடிக்கொடிகளும் காலியாகும். பெண்கள் துணியை உருவிக்கொண்டு உள்ளே ஓட, நானும் கலாவும் மட்டும் பாதையோரத்துச் சுவரை நோக்கி ஓடுவோம்.

மற்ற பிள்ளைகள் பெட்டிகளை எண்ணுவார்கள். நாங்கள் 'லோடு' பார்ப்போம். மேல்திறந்த பெட்டிகளில் கரி, தட்டைப் பெட்டிகளில் இரும்புத் தகட்டுச் சுருள்கள், சில நாள் தார்ப்பாய் மூடிய மூட்டைகள். எது எப்படி உட்கார்ந்திருக்கிறது, எது சரிந்திருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. அப்போது அது வெறும் வேடிக்கைதான். அதை வைராக்கியமாக மாற்றியது அண்ணாநகரிலிருந்த என் மாமா வீடு.

ஒரு பொங்கல் விடுமுறைக்கு அங்கே போயிருந்தபோது, மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த பொம்மை ரயில் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து பார்த்தேன். கரிப்பெட்டியில் இருந்தது கரியே இல்லை. ஒரே வார்ப்பில் செய்த கறுப்புப் பிளாஸ்டிக், எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. விரல் வைக்கப் போனேன். "தொடாத, அது அழுக்காயிடும். இவ கரி ஊர்க்காரியில்லா, கை பட்டா ஒட்டிக்கிடும்" என்றார் அத்தை. "நெசக் கரி இப்படி வழவழன்னு இருக்காது அத்தை" என்றேன். கூடமே சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டுத் தன் புடவைத் தலைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பைக் காட்டிலும் அவள் தலைப்பைப் பார்த்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பி வந்ததும் கலாவிடம் சொன்னேன். அவள் ஒரே வார்த்தையில் முடித்தாள்: "நாம செய்லாம்டி. நெசமா."

செருப்புக்கடை அட்டைப்பெட்டிகளை வெட்டி, ஒரு சாண் நீளத்தில் பெட்டிகள் செய்தோம். குளிர்பான மூடிகள் சக்கரமாயின. வண்டி செய்வது எளிதாகத்தான் இருந்தது. லோடு எங்களைப் படுத்திய பாடுதான் கொஞ்சமில்லை. சன்னல் கட்டையில் படிந்த கரியைக் கூட்டியெடுத்து, டீ வடிகட்டியில் சலித்தால், மேலே நிற்பது எங்கள் வண்டிக்கான கட்டி, கீழே விழுவது தூசு. முழுப் பெட்டியையும் கரியால் நிரப்பினால் அட்டை பிதுங்கியது. அதனால் அடியில் தெர்மாகோல் வைத்து மேலே மட்டும் கரி பரப்பினோம். முதல் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, பாயசம் ஊத்தினாப்ல கீது" என்றாள் கலா. உண்மைதான். இயந்திர வாளி கொட்டுகிற இடத்தில் கரி குன்றாக நிற்கும், அடுத்த வாளி இன்னொரு குன்று. ஓட்டத்தில் உச்சி மழுங்கி, மூலைகள் மட்டும் எப்போதும் காலியாகக் கிடக்கும். மறுபடியும் சுவருக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்து தெர்மாகோலையே குன்றுகளாகச் செதுக்கினோம். தண்ணீராகக் கரைத்த மைதாப் பசையைப் பேனா ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டுக் கரியை ஒட்டினோம். இரண்டாம் நாளே கரப்பான் வந்தது. அப்பா தன் பலசரக்குக் கடையிலிருந்து ஒரு சிட்டிகை மயில்துத்தம் கொண்டுவந்து பசையில் கலக்கக் கொடுத்தார்.

சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாளைப் பென்சிலில் சுற்றி எடுத்தால் இரும்புச் சுருள். மூட்டைக்குச் சாக்கையே வெட்டித் தைத்தபோது இழை பெரிதாகி மீன்வலை மாதிரித் தெரிந்தது; பிறகு பழைய வேட்டித் துணியை டீத்தண்ணீரில் ஊறவைத்துத் தைத்து, உள்ளே கேழ்வரகை நிரப்பினோம். எங்கள் விரல்நுனிகள் அந்தக் கோடை முழுக்கக் கறுத்தே கிடந்தன. "பொம்பளப்பிள்ளைக்குக் கரியள்ளுத சோலி எதுக்கு? நாளைக்கு எவன் வந்து பாப்பான்?" என்று அம்மா அங்கலாய்ப்பாள். "சரக்கு ஏத்தத் தெரிஞ்சவ எங்கயும் பொழைச்சுக்கிடுவா, விடு" என்பார் அப்பா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு துணிப்பையோடு இந்த ஊருக்கு வந்தவர் அவர்.

பள்ளி திறந்ததும் கண்காட்சி வந்தது. எங்கள் வண்டியைக் கூடத்தின் நடுவில் ஒரு பெஞ்சின்மேல் வைத்திருந்தோம். அறிவியல் டீச்சர் வந்து நெடுநேரம் பார்த்தார். "வண்டி நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா இந்தக் கரியைக் கொட்டிட்டு, பூவோ கலர் காகிதமோ வச்சிடுங்க. வர்றவங்க வெளியூர்க்காரங்க. நம்ம ஏரியான்னாலே மூக்கைப் பொத்துறாங்க. நாமளே அழுக்கை எடுத்துக் காட்டணுமா?" என்றார். அவரும் பக்கத்திலிருக்கும் தண்டையார்பேட்டைக்காரர்தான். எத்தனை பேர் அவரெதிரில் மூக்கைப் பொத்தியிருப்பார்கள் என்று இன்று யோசிக்கிறேன். அன்று யோசிக்கவில்லை.

"அது அழுக்கு இல்ல டீச்சர், லோடு" என்றேன்.

அவர் ஒரு பெட்டியைத் தூக்கப் போனார். கலா அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "கொட்டணும்னா, எங்க வூட்டு சன்னல்ல கீறத மொதல்ல கொட்டுங்க டீச்சர்."

டீச்சர் கையை எடுத்துக்கொண்டார். கரியை எடுத்துவிட்டால் உள்ளே இடம் உண்டு, இல்லாவிட்டால் வெளியே, போட்டியிலும் கிடையாது என்று மெதுவாகச் சொன்னார். நானும் கலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெஞ்சின் இரு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து, குடிதண்ணீர்க் குழாயருகே கொண்டுபோய்ப் போட்டோம். கலா அழுதுகொண்டே வந்தாள். பிடியை மட்டும் விடவில்லை.

விருந்தினர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. ஆனால் பெற்றோருக்குத் தாகமெடுக்குமே! முதலில் வந்தது கலாவின் அம்மா, மார்க்கெட்டிலிருந்து நேராக, கூடையோடு. பார்த்தார். கூடையை இறக்கி வைத்தார். "அடியே, இன்னாடி இது, நம்ம வண்டி! ஏ, எல்லாம் இங்க வாங்கமே!" என்று அவர் போட்ட சத்தத்தில் கூடத்துக்குள்ளிருந்தும் ஆள் வந்தது. குழாயடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவரவர் தங்கள் சரக்கைத் தேடினார்கள். மூட்டை தூக்கும் ஒருவர் குனிந்து பார்த்து, "அல்லாம் சரி, மூட்டைல கொக்கி போட்ட ஓட்டை எங்கமா? கொக்கி போடாம எவன் தூக்குவான்?" என்று கேட்டார். கலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டையிலிருந்த ஊக்கைக் கழற்றி, அங்கேயே ஒவ்வொரு மூட்டையிலும் குத்தினாள். அம்மா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். யாரோ, "இது ஆரு பொண்ணு செஞ்சது?" என்று கேட்க, "எம்மவதான்" என்றாள். அந்தக் குரலில் துளி வெட்கமில்லை.

முடியும் நேரத்தில் டீச்சர் வந்தார். "சுருளையெல்லாம் ரெண்டு முனையில வச்சிட்டு நடுவுல ஏன் காலியா விட்டிருக்கீங்க?" என்று கேட்டார். "சக்கரத்துக்கு மேலதான் எடை உக்காரணும் டீச்சர்" என்றேன். தலையசைத்தார். முதல் பரிசு ஒரு ராக்கெட்டுக்குப் போனது. "அதுல இன்னா லோடு?" என்று கேட்டாள் கலா.

இப்போது நான் மாத்தூரில் இருக்கிறேன். மாடியறையில் பலகை அடித்துத் தண்டவாளம் போட்டு, விலைக்கு வாங்கிய எஞ்சினில் என் வண்டிகளை ஓட்டுகிறேன். எண்ணூரில் மீன் லாரிகள் வைத்து நடத்தும் கலா, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து குறை சொல்லிவிட்டுப் போவாள். எங்கள் பழைய தெருவோரப் பாதையில் மேல்திறந்த கரிப்பெட்டிகளை நான் கண்டு வெகுகாலமாகிறது. நான் போகும்போதெல்லாம் கன்டெய்னர்கள்தான் போகின்றன. மூடி, பூட்டி, முத்திரை வைத்த பெட்டிகள். தூசு குறைந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. கலாவின் அம்மா கடைசிக் காலத்தில் இருமிய இருமலைக் கேட்டவள் நான். ஆனால் எது எங்கள் வாசல் வழியாகப் போகிறது என்று அன்று எங்களுக்குத் தெரிந்தது. இன்று சுவருக்கு ஓடினாலும் பார்க்க ஒன்றுமில்லை. ஓடுகிற பிள்ளைகளும் இல்லை.

ரயில் மாதிரிகள் செய்கிறவர்களின் இணையக் குழுவொன்றில் போன மாதம் என் வண்டியின் படத்தைப் போட்டேன். கரி, துரு, ஓட்டை மூட்டை, பாதையோரத்துக் கறுத்த சுவர்கள் எல்லாம் அதில் இருந்தன. ஒரு பெரியவர் பாராட்டிவிட்டு, "இவ்வளவு அழுக்கு வேண்டாமே, கொஞ்சம் பச்சை வைத்து, ஏதாவது மலையூராக மாற்றினால் அழகாயிருக்கும்" என்று எழுதியிருந்தார். கலாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஊர் போர்டு இல்லல்ல, அதான் அவருக்குத் தெர்ல" என்றாள்.

அன்று மாலையே மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் 'திருவொற்றியூர்' என்று எழுதி நடைமேடையில் நட்டேன். அளவுக்கு மீறிப் பெரிய பலகை, எஞ்சினைவிட உயரம். அளவு தெரியாமல் செய்யவில்லை. அது அப்படியேதான் இருக்கும்.