கம்பவுண்டர் தள்ளிச் சென்ற தொட்டில்

சென்ற புதன்கிழமை காலை, ஏற்காட்டிலிருந்து வந்த முதல் பஸ் நாகலூர் நிறுத்தத்தில் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நின்றது. கண்டக்டர் இறங்கி, பால் வாங்க நின்றிருந்த என்னிடம் வந்தார்.

"ஏனுங்க ரைட்டர், சேதி தெரியுங்களா? நம்ம கம்பவுண்டர் போயிட்டாருங்க. நேத்து சாயங்காலம், சேலத்துல மவ ஊட்ல. காப்பி குடிச்சுட்டு நாற்காலில சாஞ்சவரு, அப்படியே போயிட்டாராம். இன்னைக்கு மத்தியானம் எடுக்கறாங்க."

பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலருக்கு அவர் பெயர் ராஜரத்தினம் என்பது தெரிந்திருக்காது. கம்பவுண்டர் என்றால் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

நான் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் ரைட்டர். அவர் அதே எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர். அடுத்தடுத்த வீடுகளில் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்தோம். அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் கறுப்புச் சைக்கிளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய டியூபை வாராக அறுத்து இழுத்துக் கட்டினால் எந்தச் சாமானும் ஆடாது என்பார். இரும்புக் கட்டில், தண்ணீர் பீப்பாய், ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்த ஆறு நாற்காலிகள் என்று டிஸ்பென்சரிக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஏற்காடு கடைவீதியிலிருந்து அந்தச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டே வந்து சேர்த்தார்.

ஒருமுறை ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் கழித்துப்போட்ட கண்ணாடி பீரோவைக் கொண்டுவந்தார். ஆள் உயரக் கண்ணாடி. பின்னால் பிடித்துக்கொண்டு வர என்னை அழைத்திருந்தார். கண்ணாடி வானத்தைப் பார்த்தபடி படுத்திருந்தது. வழியெல்லாம் மேகமும் சில்வர் ஓக் மரங்களின் உச்சியும் அதற்குள் மெல்ல நகர்ந்து வந்தன. பாதி வழியில் பனி இறங்கிக் கண்ணாடி வெளுத்துப்போனது. அவர் நின்று, தோள் துண்டால் அதைத் துடைத்தார். மறுபடியும் வானம் வந்தது. கீழே சாலை இருப்பதையே நான் மறந்துவிட்டேன். டிஸ்பென்சரிக்கு எதற்குக் கண்ணாடி என்று கேட்டேன். "புள்ள பெத்தவங்க எந்திரிச்சதும் மொகத்தப் பாக்கோணும்னு ஆசப்படுவாங்கல்லங்க" என்றார்.

எஸ்டேட் துரை புதுக் கார் வாங்கியபோது பழைய காரை அவருக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். ஓட்டவும் அவருக்குத் தெரியும். வேண்டாம் என்றுவிட்டார். எனக்குக் கோபமே வந்தது. "ஏனய்யா, வந்த காரை வேண்டாம்னு சொல்ற ஆளு உண்டா?" என்றேன்.

"காருல போனா ஆருங்க நம்மள நிறுத்தி வயித்துவலின்னு சொல்லுவாங்க? சைக்கிளத் தள்ளிட்டுப் போனா கூடவே நடந்து வந்து சொல்லிப்போடறாங்க."

உண்மைதான். டிஸ்பென்சரி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாத பெண்கள், அவருடைய சுமையில் ஒரு கை வைத்துக்கொண்டு மேடேறும்போது எல்லாவற்றையும் சொன்னார்கள். அதையெல்லாம் நான் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், என் வீட்டுக்கே அது தேவைப்படும் வரை.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தாள். வசந்தி என்று பெயர் வைத்தோம். ஐந்தாம் மாதத்தில் காய்ச்சல் கண்டது. குழந்தையைத் தொட்டுப் பார்த்ததுமே கம்பவுண்டர், "இங்க வெச்சுப் பாக்கக் கூடாதுங்க, எஸ்டேட் ஜீப்பக் கூப்புடுங்க" என்றார். அவசரத்துக்கு அவர் ஒருநாளும் ஜீப்பை வேண்டாம் என்றதில்லை. அவரும் எங்களோடு ஏறிக்கொண்டார். மலைச்சாலையின் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோதே, நல்ல வெயில் நேரத்தில், என் மனைவி சரோஜாவின் மடியில் குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு சரோஜா பேசவில்லை. சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குத் தலையசைத்தாள். ஜன்னலோரம் நின்ற மரத்தொட்டிலைத் தினமும் துடைத்தாள். தொட்டில் கண்ணில் படாமல் இருந்தால் தேறிவிடுவாள் என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை வாசலுக்கு வரவழைத்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த வாரம் கம்பவுண்டர் சைக்கிளோடு வந்து வாசலில் நின்றார்.

"அம்மா, வெள்ளக்கடையில ஒரு ஊட்ல ரெட்டப் புள்ளைங்க. ஒரு தூளிதான் இருக்குது. ஒண்ணு தூங்குனா ஒண்ணு அழுவுதுங்க."

அவ்வளவுதான் சொன்னார். தொட்டிலைக் கேட்கவில்லை. சரோஜா ஜன்னலோரத் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், தொட்டிலில் விரித்திருந்த துணியை எடுத்து மடித்தாள்.

"பொறத்தால ஒரு ஆளு புடிக்கோணும். நீங்க வாரீங்களா அம்மா?" என்றார் அவர். நான் முன்னால் வந்தேன். "நீங்க கொஞ்சம் தள்ளி வாங்க ரைட்டர்."

முதல் மழை விழுந்து காப்பி பூத்திருந்த வாரம் அது. வழியின் இரண்டு பக்கமும் செடிகள் வெள்ளையாக நின்றன. பனிக்குள் அந்த வாசனை ஊறிக் கிடந்தது. கால் நான்கும் மேலே பார்க்கக் கவிழ்த்துக் கட்டிய தொட்டில் முன்னே போனது. சில இடங்களில் பனி மூடி மூவரும் எனக்குத் தெரியவில்லை. தொட்டிலையும் சேர்த்து மூவர் என்றே அன்று எனக்குத் தோன்றியது. சக்கரம் சுழலும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல். அது சரோஜாவின் குரல் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"வெரலப் பிரிச்சா சிரிப்பாளுங்க. மறுபடி இறுக்கி மூடிக்குவா."

அவர் திரும்பவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி முன்னால் பார்த்தே நடந்தார். அவள் அந்த முதுகிடம் சொல்லிக்கொண்டே போனாள். குழந்தை பிறந்த நாள், பால் குடிக்க மறுத்த நாள், எனக்கே தெரியாத எத்தனையோ. மேட்டில் அவர் மூச்சு வாங்க நின்றபோதும் அவள் நிறுத்தவில்லை.

"ஜீப்புல ஒருக்கா என்னைப் பாத்தாளுங்க. நாந்தான் ஆசுபத்திரி வருதா வருதான்னு ரோட்டையே பாத்துட்டிருந்தேன்."

சைக்கிள் அந்த மேட்டைத் தாண்டியது. பிறகு, "நானும் ரோட்டத்தானுங்க பாத்துட்டிருந்தேன்" என்றார்.

அதன்பின் அவள் வாய்விட்டு அழுதாள். அவர் சைக்கிளை நிறுத்தாமல் மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தார். அவளும் தொட்டிலை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதபடியே நடந்தாள். ஜீப்பில் போயிருந்தால் கால்மணி நேரத்தில் சேர்ந்திருப்போம். அன்று காலைப் பொழுது முழுவதும் ஆனது.

வெள்ளக்கடையில் இரண்டு குழந்தைகளையும் தலைமாடு கால்மாடாக அதில் படுக்க வைத்தார்கள். இரண்டும் தூங்கின. "உங்க பாப்பா பேரு என்னங்கக்கா?" என்று அந்தத் தாய் தயங்கிக் கேட்டாள். "வசந்தி" என்றாள் சரோஜா. திரும்பி வரும்போது என்னோடு நடந்தாள். அந்த நாளைப் பற்றி கம்பவுண்டர் எங்களிடம் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

புதன்கிழமை நானும் சரோஜாவும் அதே பஸ் திரும்பியபோது ஏறிச் சேலத்துக்கு இறங்கினோம். இருபது வருஷமாக அந்த மலைச்சாலையில் ஒரு வளைவு வரும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நான் உடனே வேறு ஏதாவது பேசுவேன். அன்று கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள்.

"இங்கதானுங்க" என்றாள்.

எனக்கு நாக்கு நுனிவரை ஏதோ வந்தது. பேசாமல் இருந்தேன். பஸ் மெதுவாகத் திரும்பியது. இரண்டு பேரும் அந்த இடத்தைப் பார்த்தோம்: ஒரு பாறை, அதன்மேல் வெயில், கீழே தூரத்தில் சேலம். அவள் சொல்லத் தொடங்கினாள். அடிவாரம் வரும்வரை நான் கேட்டுக்கொண்டு வந்தேன். ராஜரத்தினத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.