கலங்கலில் ஓர் ஈட்டி

ஐப்பசி பிறந்து, கழுவெளி ஏரித் தண்ணீர் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு கடலில் விழத் தொடங்கியதும், எங்கள் குப்பத்துக் காற்றில் உப்பு வாசம் போய்ச் சேற்று வாசம் ஏறிவிடும். கேப்பைக் கூழின் நிறத்தில் அலை புரண்டு வந்து கரையை அறையும். மரக்காணத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் குப்பத்தில் அந்த நாட்களில் யாரும் கட்டுமரம் தள்ளமாட்டார்கள். மரங்களை மேட்டில் ஏற்றிவிட்டு, கழுவெளி வாய்க்காலில் வலை கட்டிக் கிடைத்ததைத் தின்று, மழை விடும்வரை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் அப்படி ஒரு மழைக்காலத்தில்தான், முதல் புருஷனைக் கடலுக்குக் கொடுத்திருந்த என் அத்தை பச்சையம்மா, திண்டிவனம் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோன இடத்தில் பழக்கமான தணிகாசலம் என்பவரைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்துக் குடிசையில் குடியேறினாள். எந்த ஊர் என்று கேட்டால் "வடக்க" என்பார். அதற்கு மேல் பேச்சு வராது. அவர் கொண்டுவந்தது ஒரு துணி மூட்டையும் ஒரு ஈட்டியும். ஆளை விட உயரமான மூங்கிலில் இரும்பு முனை. குத்திய மீன் கழன்றுவிடாதபடி அந்த முனையில் பின்னோக்கி ஒரு முள். என் அப்பா அவரைத் தங்கையின் புருஷன் என்றோ மச்சான் என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை. "ஊரு பேரு தெரியாதவன்" என்றே சொல்வார்.

தினமும் காலையில் தணிகாசலம் மாமா தனியாகப் போய், முகத்துவாரத்துக்கு அருகே இடுப்பளவு கலங்கலில் நிற்பார். உச்சிப்பொழுதுக்குள் ஒன்றோ இரண்டோ கொடுவா மீனோடு திரும்புவார். பாதி எங்கள் வீட்டுக்கு வரும். அப்பா அதைப் புரட்டிப் புரட்டி ஈட்டி குத்திய ஓட்டையைப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார்.

"கெடச்சத ஆக்கித் தின்னாம இன்னாத்துக்கு மோந்து பாக்கற?" என்பாள் அம்மா.

"கலங்கல்ல கைய உட்டா கையே தெரியல. இவனுக்கு மட்டும் மீனு தெரியுதா?"

நாள் போகப்போக வாய்க்கால் வலைகளில் மீன் குறைந்துபோனது. வலையில் மாட்டிய மீனை எடுத்து அதன்மேல் ஈட்டியால் ஒரு ஓட்டை போட்டுக்கொள்கிறான் என்று யாரோ சொன்னார்கள். சொன்னது யார் என்று தெரியவில்லை. ஆனால் இரண்டே நாளில் எல்லோருமே சொன்னார்கள். கிணற்றடியில் அத்தை போனால் மற்றவர்கள் குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியைக்கூட ஒரு மாதிரி பார்த்தார்கள். அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை.

"செங்கேணி, நீ சிப்பி பொறுக்கற மாதிரி போயி அவன் இன்னா பண்றான்னு பாத்துக்கினு வா. கண்ண எடுக்காத" என்று என்னை அனுப்பினார். எனக்குப் பத்து வயது. அத்தனை பேரில் என்னைத் தேர்ந்தெடுத்ததில் பெருமைதான்.

மாமா ஈட்டியை ஓங்கியபடி நின்றார். அலை மார்பில் மோதியது, அவர் அசையவில்லை. வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. நான் நிஜமாகவே சிப்பி பொறுக்கத் தொடங்கிவிட்டேன். தலை நிமிர்ந்தபோது அவர் வாய்க்கால் பக்கமிருந்து கையில் மீனோடு வந்துகொண்டிருந்தார். நான் பார்த்தது அவ்வளவுதான்.

"பாத்தியா?" என்றார் அப்பா.

கண்ணை எடுத்துவிட்டேன் என்று சொல்லப் பயம். "வலைங்க பக்கத்துலேர்ந்துதாம்பா வந்தாரு" என்றேன்.

"வலையத் தூக்கினானா?"

"ம்" என்றேன்.

மறுநாள் காலை ஊரே கரையில் கூடியது. கழுத்து நரம்பு புடைக்க அத்தை கத்திக்கொண்டிருந்தாள். பார்த்த பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றார் ஊர்ப் பெரியவர். அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்ற என்னை மாமா ஒருமுறை பார்த்தார்.

"கொயந்தைய நடுவுல இட்டாராதீங்க. நான் எறங்கிக் குத்திக் காட்றன்."

கடல் அன்று இருந்த இருப்பைப் பார்த்துப் பெரியவரே, "இன்னிக்கு வேணாம்பா" என்றார். மாமா அதற்குள் இறங்கிவிட்டார்.

அலை எழும்பி, உடைவதற்கு முன் ஒரு கணம் அதன் உச்சி மெலிந்து வெளிச்சம் ஊடுருவும். அந்தக் கணத்துக்காகத்தான் அவர் தினமும் அப்படி நின்றிருக்கிறார். மூன்று அலைகளை விட்டார். நான்காவதில் கருப்பாக ஏதோ வளைந்தது, ஈட்டி பாய்ந்தது. அடுத்த அலை, வெள்ளம் அடித்துவந்த ஒரு பனந்துண்டோடு அவர் மேல் விழுந்தது. ஆளைக் காணவில்லை.

எல்லோரும் நின்றுகொண்டிருக்க, முதலில் குதித்தது அப்பா. இழுத்துப் போட்டபோது மாமாவின் வலதுகால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவர் விடாமல் பிடித்திருந்த ஈட்டியின் முனையில் கை நீளக் கொடுவா துடித்துக்கொண்டிருந்தது.

"வண்டியக் கட்டுங்கடா, ஜல்தி!" என்று அப்பாதான் கத்தினார். திண்டிவனம் ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் காலைத் தன் மடியிலேயே வைத்திருந்தாராம்.

மூன்றாம் நாள் அம்மாவோடு நானும் பஸ்ஸில் போனேன். அம்மா வெந்நீர் வாங்கப் போன நேரத்தில் கட்டிலருகே நின்று, "நான் பாக்கல மாமா. பொய்யி சொன்னன்" என்றேன்.

"தெரியும். நீ குனிஞ்சிக்கினு சிப்பி பொறுக்கினுதான இருந்த?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா உன்ன இல்ல நடுவுல நிக்க வெச்சிருப்பாங்க?" என்றார். பிறகு, "கலங்கல்ல மீனுக்கும் நம்மளத் தெரியாது, அதான் கிட்ட வருது" என்றார், நான் கேட்காமலே. எனக்கு அழுகை வந்தது.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலும் வலையில் மீன் குறைந்துதான் வந்தது. யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. சந்தேகம் இன்னொரு குடிசைக்கு நகர்ந்தது. தை மாதம் விந்தி விந்தி நடந்து, மாமா அத்தையோடு தன் ஊருக்கே போய்விட்டார். அப்பா பஸ் ஏற்றிவிட்டு வந்து, அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நான் சொன்னது பொய் என்று அவரிடம் சொல்ல எத்தனையோ முறை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கடைசிவரை சொல்லவில்லை.

இப்போது திண்டிவனத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனேன். குடிசைகள் இல்லை, குப்பம் ரோட்டுக்கு மேற்கே போய்விட்டது. கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், இடுப்பளவு தண்ணீரில் ஒருவரும் நிற்க முடியாது. அன்று ஊரே நின்ற மணல் கடலுக்குள் கிடக்கிறது. அங்கே நின்றவர்களில் மிஞ்சியவள் நான் ஒருத்திதான். அன்று நான் என்ன பார்த்தேன் என்று கேட்க இனி ஆளில்லை.