கமலநாயகி வீட்டு மிச்சச் சோறு

ஜெர்மனியின் எசன் நகரத்தில் அவர்களுடைய வீடு மூன்றாம் மாடி. லிஃப்ற் கிடையாது. ஐம்பத்திநாலு படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு “அம்மாளாச்சி” சொல்லித்தான் கமலநாயகி ஏறுவாள், அதனால் எண்ணிக்கை அவளுக்குப் பிழைக்காது. வலது முழங்காலில் எலும்போடு எலும்பு உரசுகிறது என்று படம் பிடித்துக் காட்டிவிட்டார்கள். வயது ஐம்பத்தெட்டு. முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் பதினேழு வருஷம் நின்று உழைத்த மனுசி, போன கார்த்திகையோடு வீட்டில் இருந்துவிட்டாள். யன்னலால் றோட்டைப் பார்க்கிறதும் புருசனோடு கொளுவுறதும்தான் பிறகு வேலை. இப்படியே இருத்திவிட்டால் எனக்கு விசர்தான் பிடிக்கும் என்று வாறவர் போறவருக்கெல்லாம் சொன்னாள்.

மாசி மாதம் சத்திரசிகிச்சை வைத்தியரைச் சந்திக்க ரேர்மின், அதுதான் நேரம், கிடைத்தது. மொழிபெயர்க்க மகள் ஆதிரையும் கூடப் போனாள். வைத்தியர் காகிதத்தைப் பார்த்தார், முழங்காலைப் பார்க்கவேயில்லை.

“முழங்கால் மாத்தலாமாம் அம்மா. ஆனால் உங்கடை மூண்டு மாதச் சீனி ஒன்பது புள்ளி ஆறாம். இந்தச் சீனியோடை வெட்டினால் புண் ஆறாதாம், கிருமி பிடிச்சிடுமாம். எட்டுக்குக் கீழை வந்தால்தான் திகதி தருவாராம்” என்றாள் ஆதிரை.

“மெசின் பிழை எண்டு சொல்லு” என்றாள் கமலநாயகி.

ஆதிரை அதைச் சொல்லவில்லை. சொல்லவும் ஏலாது.

பாருங்கோ, கமலநாயகிக்குச் சீனி வருத்தம் வந்து பதினொரு வருஷம். அவளிடம் அதற்கென்று ஒரு முறை இருந்தது. குடும்ப வைத்தியரிடம் போவதற்கு ஒரு கிழமைக்கு முன் வாயைக் கட்டுவாள். கீரை, வெள்ளரிக்காய், பாகற்காய்ச் சாறு. விரலில் குத்திப் பார்த்தால் நூற்றிப்பத்துக் காட்டும். சந்தோசமாகப் போவாள். அங்கே கையில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் அது மூன்று மாதக் கதையையும் அவிழ்த்துவிடும். அவளுக்கு ரோசம் வரும், மெசின் பிழை என்பாள். அவளை மட்டும் சொல்லி என்ன? எங்கட சனத்தில் பாதிப்பேர் இதைத்தான் செய்யினம். கேட்டால் சாமி படத்துக்கு முன்னால் நின்று இல்லையென்று சத்தியம் பண்ணுவினம்.

ஆனால் இந்தமுறை ரோசத்தோடு முடியவில்லை. வீட்டுக்கு வந்து, முப்பதாம் படியில் இருந்துவிட்டாள். மேலேயும் ஏலாது, கீழேயும் ஏலாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எட்டுக்குக் கீழை கொண்டு வாறன். பாப்பம் அவரோ நானோ எண்டு” என்றாள். வைத்தியர் பாவம், அவருக்கு இந்தச் சவால் தெரியாது.

தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிற கட்டடத்தில் சனிக்கிழமைகளில் சீனி வருத்த வகுப்பு என்று ஆதிரைதான் கண்டுபிடித்தாள். நடத்துவது கிருசாந்தி. எசனிலேயே வளர்ந்த பிள்ளை, சிரித்தபடியே ஆளை மடக்குவாள். வார நாளில் ஒரு கிளினிக்கில் இதே வருத்தத்துக்கு ஆலோசகராக வேலை. கமலநாயகி தனியாகப் போய் நின்றாள்.

“வீட்டுக்காரர் எங்கை அக்கா?”

“அவருக்குச் சீனி இல்லைப் பிள்ளை. எனக்குத்தான்.”

“ஒரு பானையிலைதானே அக்கா எல்லாரும் சாப்பிடுறியள்? பானைக்குத்தான் வகுப்பு. வாற கிழமை வீட்டிலை உள்ள எல்லாரும் வாங்கோ. தனிய வந்தால் நான் இருத்தமாட்டன்.”

புருசன் தங்கராசா முதலில் துள்ளினார். அவருக்கு அறுபத்திமூன்று, தொழிற்சாலைச் சாப்பாட்டுச்சாலை ஒன்றில் சமையல் உதவி. “சனிக்கிழமை ஒருநாள்தான் நான் படுக்கிறது” என்றார். மகன் பிருந்தன் மின்வேலைக்காரன், அவனுக்குச் சனிக்கிழமை உதைபந்து. கமலநாயகி கெஞ்சவில்லை. “நீங்கள் வராட்டில் நானும் போகேல்லை. பிறகு ஆயுசுக்கும் என்னைத் தூக்கிக்கொண்டு ஐம்பத்திநாலு படி ஏறுங்கோ” என்றாள். தங்கராசா மனுசியை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த சனி நாலு பேரும் போனார்கள்.

முதல் நாளே கிருசாந்தி கமலநாயகியைச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னாள்.

“பகலிலை ஒரு குரக்கன் றொட்டி, கீரை. பின்னேரம் இன்னொரு றொட்டி. இவைக்குச் சோறு, புட்டு, இடியப்பம் செய்து குடுப்பன். நான் தொடமாட்டன்” என்றாள் கமலநாயகி. பொய்யில்லை. மனதார நம்பித்தான் சொன்னாள்.

கிருசாந்தி நாலு கொப்பி கொடுத்தாள். ஒரு கிழமை ஒவ்வொருவரும் தாங்கள் சாப்பிட்டதை எழுத வேண்டும், சாப்பாட்டுக் கோப்பையில் மிச்சம் விட்டதையும் எழுத வேண்டும். “வடிவா எழுதுங்கோ. பொய் எழுதினால் எனக்குப் பிடிபடும்” என்றாள்.

அடுத்த சனி வாசிப்பு நடந்தது. தங்கராசா எழும்பி, தேவாரம் படிக்கிற மாதிரிக் கொப்பியை நீட்டிப் பிடித்து வாசித்தார். திங்கள் சோறு, மீன்குழம்பு, இரண்டு பிடி மிச்சம். செவ்வாய் பதினைந்து இடியப்பம் போட்டது, ஐந்து மிச்சம். பிருந்தன் வேலையால் வந்து பசியில்லாமல் பாதிப் புட்டை விட்டிருந்தான். ஆதிரை எப்பவுமே பாதிதான். கமலநாயகியின் கொப்பியில் நாள் தவறாமல் றொட்டி, கீரை.

“சரி, இவ்வளவு மிச்சமும் எங்கை போச்சுது?” என்று கேட்டாள் கிருசாந்தி.

பிருந்தன் தங்கச்சியைப் பார்த்தான். தங்கராசா கூரையைப் பார்த்தார்.

“குப்பையிலை போட்டனீங்களோ அக்கா?”

“சாப்பாட்டை ஆரும் குப்பையிலை போடுவினமே!” கமலநாயகிக்குக் கோபமே வந்துவிட்டது. “கோப்பை கழுவேக்கை ஒரு வாய், சட்டி கழுவேக்கை ஒரு வாய் போடுறதுதான். அது சாப்பாடே? அது மிச்சம்!”

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. கிருசாந்தி நாலு கொப்பி மிச்சத்தையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்தாள். ஒரு கிழமை மிச்சம் ஒரு சின்னக் கலியாண வீட்டுக்குக் காணும்.

கமலநாயகியின் முகம் கறுத்துப்போயிற்று. வாய் திறந்தால் நிற்காது என்று அவளைத் தெரிந்தவர்கள் சொல்லுவினம், திறந்தாள்.

“ஊரிலை சண்டைக்கு இடம்பெயர்ந்து கோயில் மடத்திலை இருக்கேக்கை ஒரு அகப்பைக் கஞ்சிக்கு மூண்டு மணித்தியாலம் வரிசையிலை நிண்டனான். ஒரு பருக்கை எறிய எனக்குக் கை வராது. உங்களுக்கு அது விளங்காது. நீங்கள் கோப்பையை வைச்சிட்டு எழும்பிப் போவியள். முப்பது வரியமா நீங்கள் எழும்பினாப் பிறகுதான் நான் குசினிக்கை நிண்டு சாப்பிடுறன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. எனக்குச் சீனி வராமல் ஆருக்கு வரும்?”

அழுகை வந்துவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் அழுதாள், வெட்கப்படவுமில்லை. ஆதிரையும் அழுதாள். தங்கராசா கொப்பியைச் சுருட்டி விரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஏறும்போது முப்பதாம் படியில் கமலநாயகி இளைக்க நின்றபோது, “நாளைக்கு நீர் எங்களோடை இருந்து சாப்பிடும்” என்றார்.

சொல்லுறது சுகம். அடுத்த நாள் மேசையில் நாலு கதிரை, நாலு கோப்பை. கமலநாயகி இருந்தாள். உப்புக் காணாதோ என்று எழும்பினாள். தண்ணி எடுக்க எழும்பினாள். அப்பளம் பொரிக்க எழும்பினாள்.

“இரும்!” என்று தங்கராசா போட்ட சத்தம் கீழ்வீட்டு ஜெர்மன்காரக் கிழவிக்கே கேட்டிருக்கும். தண்ணியை அவரே எடுத்தார்.

வீட்டில் சட்டம் போட்டார்கள். மூன்று சுண்டு அரிசி இரண்டாயிற்று. ஆரும் திடீரென்று வந்தால் என்ன செய்யிறது என்று கமலநாயகி குழம்பினாள். வந்தால் பாண் இருக்கு, முட்டை இருக்கு என்றாள் ஆதிரை. பாதிக் கோப்பைக்கு மரக்கறி, கால் கோப்பைக்குச் சோறு, மிச்சக் காலுக்கு மீனோ பருப்போ. இது நாலு பேருக்கும் ஒன்றுதான், அவளுக்கென்று தனிக் குரக்கன் றொட்டி இனி இல்லை. பானையில் மிஞ்சினால் பெட்டியில் போட்டு அடுத்த நாள் பிருந்தன் வேலைக்குக் கொண்டுபோக வேண்டும். கோப்பையில் மிஞ்சினால் அது விட்டவருக்குத்தான், அடுத்த நேரம் அதை முடித்த பிறகுதான் புதுசு. இரண்டு நாள் பழம்புட்டுத் தின்ற பிருந்தன் மூன்றாம் நாள் அளவாகப் போடப் பழகிவிட்டான். சீனி வருத்தக் குளிசையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுப்பது தங்கராசாவின் பொறுப்பு. தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் அவரும் குடித்தார். முதல் கிழமை அவர் முகத்தைப் பார்க்க வேணும், கசாயம் குடித்த பிள்ளை தோற்றுப்போகும்.

ஞாயிறுகளில் பிருந்தன் அம்மாவை நீச்சல் தடாகத்துக்குக் கொண்டுபோனான். நீந்த இல்லை, நெஞ்சளவு தண்ணிக்குள் நடக்க. தண்ணிக்குள் முழங்கால் நோகாது என்று கிருசாந்தி சொல்லியிருந்தாள். நீச்சல் உடுப்போடு கமலநாயகி வெளியே வரக் கால்மணித்தியாலம் பிடித்தது. “ஆரும் தமிழர் நிக்கினமோ பார் தம்பி” என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். பிறகு இறங்கினாள், நடந்தாள். மூன்றாம் ஞாயிறு, காணும் ஏறுங்கோ என்று மகன் கூப்பிட்டும் கரை ஏறமாட்டேன் என்றாள்.

வைகாசியில் இரத்தம் எடுத்தார்கள். எட்டுப் புள்ளி மூன்று.

வீட்டில் செத்த வீடு மாதிரி இருந்தது. இவ்வளவு பாடுபட்டும் புள்ளி மூன்றால் போச்சே என்று ஆதிரை விம்மினாள். கமலநாயகி மெசினைக் குறை சொல்லவில்லை. காகிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். “இன்னும் மூண்டு மாதம்தானே. முப்பது வரியம் நிண்டு சாப்பிட்டனான், மூண்டு மாதம் இருந்து சாப்பிட ஏலாதோ? அரிசியை அள நீ” என்றாள்.

ஆனியில் ஒன்றுவிட்ட சகோதரி வத்சலாவின் பேத்திக்குப் பிறந்தநாள், மண்டபம் நிறையச் சனம். வத்சலா ஒரு பெரிய கேக் துண்டோடு வந்தாள்.

“வேண்டாம் வத்சலா, வயிறு சரியில்லை.”

“ஒரு துண்டு கேக் உன்னை என்ன செய்யப்போகுது? என்ரை பேத்தியின்ரை விசேசத்துக்கு வந்து வாய் நனைக்காமல் போகப்போறியோ?”

வத்சலா கெட்டவள் இல்லை. ஊட்டிவிடாமல் அன்பு காட்டத் தெரியாது, அவ்வளவுதான். கமலநாயகியின் கை தன்பாட்டில் நீண்டது. இந்தப் பதினொரு வருஷத்தில் தனக்குச் சீனி என்று அவள் வெளியில் ஒருவருக்கும் சொன்னதில்லை. பிள்ளைகளின் கலியாணப் பேச்சுக்கு உதவாது என்று அவளும் தங்கராசாவும் சேர்ந்தே மறைத்த சங்கதி.

தங்கராசாதான் எழும்பினார். “வத்சலா, அவவுக்குச் சீனி வருத்தம். பதினொரு வரியமா இருக்கு, நாங்கள்தான் ஒளிச்சு வைச்சனாங்கள். முழங்கால் மாத்துறதுக்காகப் பாடுபடுறா. கேக்கை இஞ்சை தாரும், நான் தின்னுறன்.”

கமலநாயகி சனத்தைத் திரும்பிப் பார்த்தாள். மண்டபம் இடிந்து விழவில்லை. கை கழுவுற இடத்தில் இரண்டு பெண்கள் தனித்தனியாக அவளிடம் வந்து, அந்த வகுப்பு எங்கை நடக்குது அக்கா என்று காதுக்குள் கேட்டார்கள். ஓம், வாங்கோ, ஆனால் புருசன் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டுதான் வரவேணும் என்று உரத்தே சொன்னாள்.

ஆவணியில் ஏழு புள்ளி ஆறு.

வைத்தியர் காகிதத்தைப் பார்த்தார், பிறகு முதன்முறையாக முழங்காலைப் பார்த்தார். புரட்டாதியில் திகதி கொடுத்தார். “நான் சொன்னனானே, அவரோ நானோ எண்டு” என்று கமலநாயகி தமிழில் சொல்லிச் சிரித்தாள். ஆதிரை இதையும் மொழிபெயர்க்கவில்லை.

முழங்கால் மாற்றினார்கள், புண் வடிவாக ஆறியது. பிறகு மூன்று கிழமை வேறு ஊரில் நடைப் பயிற்சி. ஐப்பசியில் ஒரு மத்தியானம் வீட்டு வாசலில் காரால் இறங்கினாள். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் கைபிடிக் கம்பி. பிருந்தன் தூக்க வந்தான், விலத்து என்றாள். ஐம்பத்திநாலு படி. முப்பதாவதில் நிற்கவில்லை. அம்மாளாச்சியையும் கூப்பிடவில்லை.

மேலே தங்கராசா சமைத்து வைத்திருந்தார். அவளைக் கதிரையில் இருத்தி, முதல் கோப்பை அவளுக்குப் போட்டார். அந்த வீட்டில் முதல் கோப்பை அவளுக்கு விழுந்தது அன்றைக்குத்தான். மனுசன் சந்தோசத்தில் அளவை மறந்து சோற்றைக் குவித்துவிட்டார். கமலநாயகி மெல்ல மெல்லச் சாப்பிட்டாள். வயிறு நிறைந்தது. கோப்பையில் இரண்டு பிடி சோறு இருந்தது. கை தன்பாட்டில் அந்தச் சோற்றுக்குப் போய், நின்றது.

“எனக்குக் காணும்” என்றாள்.

அந்தச் சொல் அவள் வாயில் இருந்து வந்து வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. சட்டப்படி அந்த மிச்சம் அவளுடைய அடுத்த நேரச் சாப்பாடு. ஆதிரை பெட்டி எடுக்க எழும்பினாள்.

“விடு பிள்ளை” என்றார் தங்கராசா. மனுசியின் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, அந்த இரண்டு பிடி மிச்சச் சோற்றையும் குழைத்துச் சாப்பிட்டார். ஒரு பருக்கை விடவில்லை.

கமலநாயகி பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணால் தண்ணி ஓடியது. அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவ எழும்பினார்.

“சட்டி கழுவேக்கை ஒண்டும் வாயிலை போட்டிடாதேங்கோ” என்றாள்.