விசாரிக்க வந்தவர்

போன மாதம் என் மகன் என்னை ஊனச் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஆட்டோவில் ஏறியதிலிருந்து ஒரே பாட்டு. "யம்மா, டாக்டர் கேட்டா வலிக்குதுன்னு சொல்லு. நல்லாகீறேன்னு சொல்லிடாத." தலையாட்டினேன். வலிக்கிறது என்று சொல்வது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

நான் சிறுமியாக இருந்தபோது நாங்கள் கடப்பேரியில் குடியிருந்தோம். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் ஈரத்தோல் சுமந்துகொண்டு போகையில் வழுக்கி விழுந்து அப்பாவுக்கு முதுகு போயிற்று. கட்டுப் போட்டார்கள், எண்ணெய் தேய்த்தார்கள், வலி போகவில்லை. வலியாவது பரவாயில்லை. மனிதர் பேச்சையே நிறுத்திவிட்டார். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சோறு என்றால் திரும்புவார், அப்புறம் மறுபடி சுவர்தான். அதற்கு இப்போது பெயர் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. அன்றைக்குத் தெருவுக்குத் தெரிந்தால் பைத்தியக்கார வீடு என்றிருப்பார்கள். அதனால் அம்மா வெளியில் முதுகுப் பிடிப்பு என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

வேலை செய்ய முடியாதவருக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் மாதாமாதம் பணம் தருவார்கள் என்று கேள்விப்பட்டு, அம்மா நடையாய் நடந்து மனு கொடுத்திருந்தாள். ஓர் அதிகாரி திடீரென்று வந்து பார்ப்பார் என்றார்கள். அந்தப் பணம் வந்தால்தான் இரண்டு வேளை அடுப்பு எரியும். மனு கொடுத்ததைப் பற்றி அம்மா தெருவில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஏனென்றால் அதே சமயத்தில் அக்காவுக்குக் கேளம்பாக்கத்தில் ஒரு வரன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டு விசாரிப்பார்கள் என்று தெருவே காத்திருந்தது.

அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், நான் நின்றிருந்த குழாயடிக்கு வெள்ளைச் சட்டையும் தோல்பையுமாக ஒருவர் வந்தார். பக்கத்து வீட்டு அத்தையிடம் எங்கள் வீட்டைக் காட்டி, ஆள் எப்படி, நடமாடுகிறாரா என்று கேட்டார்.

"அவருக்கின்னா சார், கல்லாட்டம் கீறாரு. ரெண்டாள் வேலய ஒத்த ஆளா செய்வாரு. தலவலின்னு படுத்து நான் பாத்ததில்ல."

பொய் என்று தெரிந்தும் எனக்குக் கேட்கப் பெருமையாக இருந்தது. அத்தை குடத்தை அப்படியே போட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக ஓடினாள்.

"அண்ணா, ஏந்துரு! கேளம்பாக்கத்து ஆளு வந்துகீறாரு. உன்னப் பத்தி ராஜாவாட்டம் சொல்லி வச்சுகீறேன், மானத்த வாங்காத."

அப்பா சுவரைப் பிடித்து எழுந்தார். நான் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அத்தை தன் வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அக்கா திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

வந்தவர் உட்கார்ந்ததும் பையிலிருந்து அம்மா கொடுத்திருந்த மனுவை எடுத்து, தோல் கம்பெனியின் பெயரைப் படித்தார். அப்பாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். வாசலில் அத்தையும் அவளுக்குப் பின்னால் பாதித் தெருவும் நின்றார்கள்.

"உட்கார்ந்தா வலிக்குதா?"

அப்பா வாசலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "இல்ல சார்."

"ராத்திரி தூக்கம்? மனசுக்கு எப்படி இருக்கு?"

"நல்லாகீறேன் சார்."

அந்த மனிதர் கெட்டவரில்லை. பேனாவை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுச் சொல்லுங்க. நான் எழுதிட்டா எழுதினதுதான்."

திரை லேசாக அசைந்தது.

"எழுதிக்குங்க சார்" என்றார் அப்பா.

அவர் போனபிறகும் தெரு சீக்கிரம் கலையவில்லை. கடைசி ஆள் போகும்வரை அப்பா முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார், எல்லாப் பிள்ளைகளின் அப்பாவையும்போல. அவருக்குக் குணமாகிவிட்டது என்று நான் தெருக்கோடிவரை ஓடி, வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பியபோது அம்மா வந்திருந்தாள். அவளும் அக்காவுமாக அப்பாவைத் தாங்கிப் பாயில் படுக்கவைத்துச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சட்டை தண்ணீரில் முக்கியதுபோல் நனைந்திருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"வெயில்" என்றாள் அம்மா.

வெளியே இருட்டிக்கொண்டு மழை தூறத் தொடங்கியிருந்தது. ஆனாலும் வெயில்தான் என்று நம்பினேன்.