சந்தனம் பூசிய சுரக்குறிப்புகள்

அந்த நாற்றத்தை நினைத்தால் இன்னும் குமட்டுகிறது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இசை ஆவணக் காப்பகம் நடத்துகிறார்கள். பழைய சுரக்குறிப்புகள், வீணை, வயலின் பயிற்சிகள், எல்லாம் வீடு வீடாகக் கேட்டு வாங்கிச் சேர்த்தவை. என் அக்கா வயலின் சொல்லிக்கொடுத்தவள். சரளி வரிசையைத் தாண்டாத பிள்ளைகளின் சின்ன விரல்களுக்கென்றே அவள் யோசித்து எழுதிய பயிற்சிகளை, அவள் இறந்த பிறகு, கரையானுக்குப் பயந்து அங்கே கொடுத்தோம். வேறு பிரதி கிடையாது.

அம்மாவின் முகமே சரியாக நினைவில்லாத அவள் மகள் போன வருடம் வயலின் கற்கத் தொடங்கினாள். "மாமா, அம்மா எழுதினத வாசிச்சுப் பாக்கணும்" என்றாள். கிள்ளானிலிருந்து ரயில் பிடித்துப் போனோம்.

காப்பகத் தலைவர் வெள்ளை ஜிப்பாவில் வந்தார். முதலில் சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். சரஸ்வதி பூஜை. யாரோ பெரிய மனிதர் விளக்கேற்ற, பக்கத்தில் தாள்கள் மாலையோடு அடுக்கியிருந்தன.

"ஒவ்வொரு பேப்பருக்கும் சந்தனம் பூசி பொட்டு வச்சோம் அண்ணே, ஒண்ணு விடல. கமிட்டி லேடீஸ் நாள் பூரா உக்காந்து செஞ்சாங்க லா."

எங்கள் வீட்டிலும் புத்தகத்துக்குப் பொட்டு வைப்போம், மேலட்டையில் மட்டும். இவர்கள் எழுத்தின் மேலேயே அப்பி, ஈரம் காயுமுன் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டியிருக்கிறார்கள், இந்த ஊர்ப் புழுக்கத்தில்.

பையை அவிழ்த்ததும் அழுகல் நாற்றம் குப்பென்று அடித்தது. பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை பிடித்த ஒரு கட்டி. ஊடே கரப்பான் முட்டைகள். அக்கா மகள் ஓரத்தைப் பிரிக்கப் பார்த்தாள். தாள் கூழாகக் கையோடு வந்தது. ஒரு சுரம்கூடத் தெரியவில்லை. பூஞ்சையைவிட, பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்துத்தான் அதிகம் அருவருத்தேன்.

"இத நாங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறோம்" என்றேன்.

"முடியாது அண்ணே. ஆவணம் வெளிய போகக்கூடாது. ரூல்ஸ்."

அக்கா மகள் அவரைப் பார்த்தாள். "அங்கிள், இதுல ஒரு பக்கமாச்சும் யாராவது வாசிச்சீங்களா?"

"வாசிக்கிறதுக்கு இல்லம்மா. பாதுகாக்கத்தான் வச்சிருக்கோம்."

அவள் தன் விரலில் அப்பியிருந்ததை அவருடைய ஜிப்பாக் கையில் நிதானமாகத் துடைத்தாள். நான் தடுக்கவில்லை.