சவரிமுத்து உட்கார்ந்த இடம்

"உச்சியத் தொடாதவனுக்கு எதுக்கு சார் மாலை?"

எங்கள் தேயிலைத் தோட்டத்து அலுவலகக் கணக்கெழுதும் பெரிய கிராணி என்னிடம் இப்படிக் கேட்டது பத்து வருடங்களுக்கு முன், எழுபதுகளின் இறுதியில், பள்ளி விளையாட்டு விழாவன்று. நான் அப்போது தோட்டப் பள்ளி ஆசிரியர். இமயத்திலிருந்து திரும்பிய சவரிமுத்துவுக்குப் போட வைத்திருந்த மாலை என் கையில் இருந்தது. அதை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். சென்ற மாதம் அவருடைய மைத்துனர் ரிங்லெட்டில் என் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "சார், மச்சான் காலையில போயிட்டாரு, நெஞ்சு வலி" என்றபோது அந்த இழுப்பறைதான் முதலில் நினைவுக்கு வந்தது.

சவரிமுத்து தேயிலைக்குப் பூச்சி மருந்தடிப்பவர். முதுகில் மருந்து டாங்கியைச் சுமந்துகொண்டு சரிவில் ஒருவர் பின் ஒருவராக ஏறுவார்கள். முன்னால் போகிறவர் அவர். அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. திரும்பிப் பார்க்கும்போது மூன்றாவது ஆளின் தொப்பி மூடுபனியில் தெரியவில்லை என்றால், யாரையும் கேட்காமல் எல்லாரும் இறங்கிவிட வேண்டும். ஒருநாள் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் கீழிருந்து கத்தினார்: "அரை டாங்கி மருந்து கெடக்கு, அடிச்சிட்டு எறங்குலா!"

"மருந்து நாளைக்கும் இருக்கும் மண்டோரே. எங்க காலு ஒடிஞ்சா நாளைக்கு நீங்களா ஏறுவீங்க? உங்க வயிறு முதல்ல விடுமா?" என்றார் சவரிமுத்து.

ஆட்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

பிரிஞ்சாங் மலையில் பயிற்சிக்கு வந்த கோலாலம்பூர் மலையேறும் சங்கத்தார் அவருடைய கால்களைப் பார்த்துவிட்டு, நேப்பாளத்துக்குச் சுமை தூக்க அழைத்தார்கள். எட்டு மாதம், வேலை முடிந்த பிறகு டாங்கியில் தண்ணீர் நிரப்பி அதே சரிவில் ஏறி இறங்கினார். மழை பெய்தாலும் விடவில்லை. புறப்படும்போது என் கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "அங்க மூணாவது தொப்பி இருக்காது சார். மணியத்தான் பார்க்கணும்."

மலையில் நடந்ததை, திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சொன்னார். மேல் கூடாரத்தில் இரண்டு நாள் காற்று. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சுருண்டுவிட, கடைசி நாள் சங்கத் தலைவரும் இவரும் மட்டும் ஒரே கயிற்றில் ஏறினார்கள். மதியம் ஒரு மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவது என்று கூடாரத்தில் பேசியிருந்தார்கள். நாலடி வைத்தால் நின்று பத்து மூச்சு வாங்க வேண்டிய உயரம். ஒரு மணி ஆனபோது உச்சி, நமது லயத்து வீட்டு வரிசையிலிருந்து மாதா கோயில் இருக்கும் கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. தலைவர் போகலாம் என்றார். சவரிமுத்து பனியில் உட்கார்ந்துவிட்டார். கயிறு இருவர் இடுப்பிலும் இருந்ததால் தலைவரும் நகர முடியவில்லை. கெட்ட வார்த்தையால் திட்டினார், காலால் பனியை உதைத்தார், அழவும் செய்தார். கடைசியில் இறங்கினார். மூன்று மணிக்குள் மேகம் மூடிவிட்டது. தாங்கள் வைத்த காலடித் தடத்தைத் தடவித் தடவித்தான் கூடாரத்தைக் கண்டுபிடித்தார்கள்.

உயிரோடு ஊர் வந்த தலைவர், "சுமைக்காரர் பயந்துவிட்டார்" என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். பனி ஒன்றையும் கடித்துக்கொண்டு போகாமல் பத்து விரலும் முழுசாக இருந்த கைகளை ஆட்டி ஆட்டித்தான் சொல்லியிருப்பார். எங்கள் கிராணி அந்தச் செய்தியை வெட்டி அலுவலகச் சுவரில் ஒட்டினார். அவர் வாழ்நாளில் ஏறிய பெரிய உயரம் அந்த அலுவலகத்தின் பதினாறு படிகள். அதிலும் நடுவில் ஒருமுறை நிற்பார். அன்று முதல் தோட்டத்தில் சவரிமுத்துவுக்குப் பெயர் 'பாதி மலை'.

பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் ஓர் உதாரணம் சொல்கிறேன். கம்போங் ராஜா என்ற ஊருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவன், திரும்பி வர எண்ணெய் இல்லாமல் போய்ச் சேர்ந்தால் அவனை வீரன் என்பீர்களா? மடையன் என்பீர்கள். அதையே பனிமலையில் செய்தால் மட்டும் எப்படிக் கை தட்டுகிறீர்கள்? விடாமுயற்சி என்ற நல்ல சொல்லை, கடிகாரம் பார்க்கத் தெரியாதவர்கள்தான் அதிகம் கெடுத்திருக்கிறார்கள்.

பத்திரிகைக்கு மறுப்பு எழுதலாமா என்று கேட்டேன். சவரிமுத்து தேநீரை ஆற்றிக்கொண்டே, "அவரு வீட்டுக்குப் போயிட்டாருல்ல சார். அதுக்குத்தானே உக்காந்தேன்" என்றார். நானும் எழுதவில்லை. கிராணியை இகழும் நான், அன்று மாலையை ஒளித்த என்னையும் அதே வரிசையில்தான் நிறுத்த வேண்டும்.

இழவு வீட்டுக்குப் போனால், லயத்து முகப்பில் பெரிய துணி கட்டியிருந்தார்கள்: 'சிகரம் தொட்ட சிங்கம்'. ஓய்வுபெற்ற அதே கிராணியின் ஏற்பாடு. "உலகமே வியக்க உச்சியில் கால் பதித்த நம் சவரிமுத்து" என்று உரையும் ஆற்றிக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தவரைக் கோழை என்றவர், செத்தவரைப் பொய்யராக்கினார். இரண்டுக்கும் அவருக்கு ஒரே குரல் போதுமாக இருந்தது.

சவரிமுத்துவின் மனைவி லூர்து என்னை அருகில் அழைத்தார். "சார், அவரு மேல போகலைன்னு உங்களுக்குத் தெரியும். அந்தத் துணிய அவுத்துருங்க. உக்காந்ததுக்குத்தான் ஊரே ஏசிச்சு. இப்ப அதையும் புடுங்கிட்டா அவருக்கு என்ன சார் மிச்சம்?"

நாற்காலி போட்டு ஏறி முடிச்சை அவிழ்த்தேன். கிராணி பேச்சை நிறுத்தினார். "என்னா சார் இது, கௌரவமாத்தானே எழுதியிருக்கோம்?"

"அவரு உச்சியத் தொடல கிராணியாரே. உக்காந்தாரு. அதனால ஒரு ஆளு உயிரோட வீடு வந்து சேந்தாரு. மாலை எதுக்குன்னு அன்னிக்குக் கேட்டீங்களே, அதுக்குத்தான்."

கொண்டுபோயிருந்த மாலையைச் சவப்பெட்டியின் மேல் வைத்தேன். பத்து வருடம் தாமதம். யாரும் கை தட்டவில்லை, தட்டியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

அவர் திருப்பித் தந்த கடிகாரம் என் கையில் ஓடுகிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுவும், அவர் உட்கார்ந்த அந்த ஒரு மணியும்தான்.

அடுத்த முறை நீங்கள் எந்த மலைக்குப் புறப்பட்டாலும், திரும்ப வேண்டிய நேரத்தை ஒரு தாளில் எழுதி வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த மணி வந்ததும், உச்சி கண்ணுக்கு எதிரில் இருந்தாலும், திரும்பி இறங்குங்கள்.