வெள்ளி பார்க்கத் தெரிந்தவன்

என் மனைவியின் வலது கால் மெட்டி தொலைந்துபோனபோது, அதைக் கண்டுபிடிக்கத் தகுந்த ஆள் நான்தான் என்று முடிவு செய்தவன் நானே. வேறு யாருக்கும் அப்படி ஒரு எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு நிச்சயமாக இருக்கவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம் அது. ஒஸ்லோ நகரின் ஓரத்தில், ரொம்மனில் குடியிருந்தோம். யூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு தோட்டத்துக்கு ஸ்ட்ரோபெரி பறிக்கப் போனோம். நாங்களே பறித்து, நிறுத்து, வாங்கிக்கொண்டு வரலாம். பறிக்கும்போது வாயில் போடுவது நிறையில் சேராது என்பதால் எங்கள் ஆட்கள் அங்கே குடும்பம் குடும்பமாகப் போவார்கள். பிற்பகல் அப்படியே ஏரிக்குக் குளிக்கப் போனோம். காலில் ஒட்டிய மணலைக் கழுவக் குனிந்தபோதுதான் வலது காலின் இரண்டாம் விரல் வெறுமையாக இருப்பதை அவள் கண்டாள்.

"தோட்டத்திலையும் செருப்பைக் கழட்டினனான். சேறாக் கிடந்தது. அங்கைதான் விழுந்திருக்கும்," என்றாள்.

"காணேல்லை எண்டு இஞ்சைதானே கண்டனீர்? அப்ப இஞ்சைதான் விழுந்திருக்கும்," என்றேன் நான். இவ்வளவு கூர்மையான மூளையை வைத்துக்கொண்டு நான் ஏன் பேக்கரியில் பாண் சுட்டுக்கொண்டிருந்தேன் என்பது நோர்வே அரசாங்கம் யோசிக்க வேண்டிய விஷயம்.

பொழுது சாயும்வரை ஏரிக்கரை மணலை அளைந்தோம். கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது ஆறுதலாக இருக்கட்டும் என்று, "வெள்ளிதானே, வேறை ஒரு சோடி வாங்குவம்," என்றேன். அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் கிழமை முழுக்கச் சோறு கறி நேரத்துக்கு மேசைக்கு வந்தது. பேச்சு வரவில்லை.

அது வெறும் வெள்ளி இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கலியாணம் திருச்சியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நான் அகதியாக வந்து ஊருக்குப் போக முடியாதவன் என்பதால் அவளைத்தான் அங்கே கூட்டிக்கொண்டு வந்தார்கள். தகப்பனுக்கு வர முடியவில்லை. தங்கள் வீட்டுக்கு வழமையாக நகை செய்யும் தட்டாரிடம் அந்த மெட்டிச் சோடியைச் சொல்லிச் செய்வித்து, அவள் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். பிறகு சண்டையில் அந்த வீடு செல்லடி பட்டுப் போயிற்று. அவரும் போய்ச் சேர்ந்தார். அவள் போட்டுக்கொண்டு வந்த தங்கமெல்லாம் தம்பியாரை வெளிநாட்டுக்கு எடுக்க விற்றாயிற்று. தகப்பன் கொடுத்தது என்று மிஞ்சியது கால்விரலில் கிடந்த அந்த வெள்ளி மட்டும்தான். அதற்குத்தான் நான் வேறு ஒரு சோடி வாங்குவோம் என்றேன்.

ஒற்றை மெட்டி போடக்கூடாது என்று மற்றதையும் கழற்றிச் சாமித்தட்டில் வைத்துவிட்டாள். அதன் பிறகு வெறும் காலோடு அவள் வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

பேக்கரியில் என்னோடு வேலை செய்த நோர்வேக்காரர் ஒருவர் தன் பழைய டிடெக்டரை எனக்குத் தந்தார். நீண்ட தடி, அடியில் தட்டு, காதுக்கு ஒரு ஹெட்போன். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கூவும். விடிய முதல் தொடங்கும் வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். நான் நேரே ஏரிக்கரைக்குப் போவேன். ஒரு நாள் அங்கே பிள்ளைகளோடு வந்திருந்த எங்கள் ஆள் ஒருவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அண்ணை, உவங்கள் இஞ்சையும் மிதிவெடி தாட்டு வைச்சிருக்கிறாங்களோ?" என்று கேட்டார். ஊரில் சமாதான காலம், கண்ணிவெடி அகற்றுகிறவர்களின் படம் எல்லா வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஓடிக்கொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது.

மெட்டியைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்தது. பியர் மூடி, கூடார முளை, பாணில் பூசித் தின்னும் மீன்முட்டைக் கேவியரின் நசுங்கிய அலுமினியக் குழாய். வெள்ளி எழுப்பும் ஒலியும் அலுமினியம் எழுப்பும் ஒலியும் அண்ணன் தம்பி மாதிரி. ஒவ்வொரு குழாய்க்கும் என் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொண்டது.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதை இங்கேதான் தொடங்குகிறது. வெள்ளியை இனங்காணப் பழக வேண்டும் என்று நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் எடுத்தேன். மெட்டியைத் தேடத்தான் எடுத்தேன். ஆனால் அதில் இருந்தது ஆயிரம் வருடத்துக்கு முந்திய இந்த நாட்டுக் கடலோடிகளின் வெள்ளி, வைக்கிங் வெள்ளி. முறுக்கிய காப்புகள், காசுக்குப் பதிலாகத் துண்டு துண்டாக வெட்டி நிறுத்துக் கொடுத்த வெள்ளிக் கம்பிகள், முக்கோணம் முக்கோணமாக அச்சுக் குத்திய வளையங்கள். மாரிகாலம் முழுக்க அதை வாசித்தேன். நோர்வே வெள்ளியில் என்ன முத்திரை இருக்கும், முலாம் பூசியதை எப்படி அறிவது, மண்ணுக்குள் கிடந்த வெள்ளி என்ன நிறத்தில் கறுக்கும், எல்லாம் படித்தேன். வீட்டுக்கு வருகிறவர்களின் தேத்தண்ணிக் கரண்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்து விளக்கம் சொல்லத் தொடங்கினேன். எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவது அந்த ஆண்டு குறைந்ததற்கு வேறு காரணம் இருக்கலாம்.

வசந்தம் வந்ததும் முதல் கண்டுபிடிப்பு. ஒரு முள்ளுக்கரண்டி. பிடியில் பூ வேலைப்பாடு, நல்ல கனம். பழைய பண்ணை வீட்டுச் சொத்து என்று லண்டனில் இருக்கும் மச்சானுக்கு போன் பண்ணிச் சொன்னேன். பிறகு மண்ணைக் கழுவினேன். பின்பக்கத்தில் "துருப்பிடிக்காதது" என்று நோர்வே மொழியில் தெளிவாகப் பொறித்திருந்தது. மச்சான் இன்றைக்கும் போன் எடுத்தால் முதலில் அந்தக் கரண்டியின் சுகம்தான் விசாரிப்பான்.

இதற்குப் பிறகு ஏரிக்கரை எனக்குப் போதாமல் போய்விட்டது. வைக்கிங் என்ன, ஏரியில் குளித்துக்கொண்டா இருந்திருப்பான்? பழைய பண்ணை நிலம் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே கமக்காரர் அந்த ஸ்ட்ரோபெரித் தோட்டக்காரர். அவரிடம் போய்க் கேட்டேன். பழைய செடிகளைப் பிடுங்கி உழுதுவிட்ட ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, தேடு, தோண்டுகிற கிடங்குகளை மட்டும் மூடிவிட்டுப் போ என்றார். அந்தத் துண்டில்தான் போன யூலையில் நாங்கள் பறித்தோம். அப்போதாவது மெட்டி என்ற சொல் என் தலைக்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது ஏரிக்கரையில் விழுந்தது என்று நான்தான் தீர்ப்புச் சொல்லிவிட்டேனே.

இரண்டாவது நாள் ஹெட்போனில் மணி அடித்த மாதிரி ஒரு சுத்தமான ஒலி. தோண்டினேன். கறுத்துப்போன ஒரு சிறு வளையம். முனைகள் பொருந்தாமல் விரிந்து, ஒரு பக்கம் கோணலாகக் கிடந்தது. விரல் நுனியால் தடவினால் முக்கோணங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளி. புத்தகத்தில் இருந்த அதே முக்கோணம், அதே புள்ளி. அந்தக் கோணலில் என் சின்ன விரலுக்குள்ளும் நுழையவில்லை. ஒரு வைக்கிங் சிறுமியின் மோதிரம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்து, அவளுக்காகக் கொஞ்சம் கவலைப்படவும் செய்தேன்.

மனைவிக்குக் காட்டவில்லை. காரணம் இருந்தது. புதைபொருளைக் கழுவக் கூடாது, தேய்க்கக் கூடாது, அப்படியே அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவு பழையதென்றால் அது அரசாங்கத்தின் சொத்து என்று புத்தகம் சொன்னது. என் மனைவியோ கறுத்த வெள்ளியைக் கண்டால் பழப்புளி பூசி, விபூதி போட்டு, முகம் தெரியும்வரை மினுக்குகிற பரம்பரை. அவள் கையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் ஆயிரம் வருடம் குசினித் தொட்டிக்குள் போய்விடும். கடுதாசியில் சுற்றி என் சப்பாத்துப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன்.

அருங்காட்சியகத்துக்குப் போகிற நாள் வந்தது. அரசாங்கத்துக்குக் கொடுக்கும் பொருளைக் கடுதாசியில் சுற்றிக் கொண்டுபோனால் மரியாதை இல்லை. அவள் வேலைக்குப் போய்விட்டாள். சாமித்தட்டில் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் ஒரு சின்னச் சிவப்பு நகைப் பெட்டி இருந்தது. திறந்தேன். உள்ளே நகைக்கடை ரோசாத்தாள் மடித்துக் கிடந்தது. மெத்தை மாதிரி நல்ல வசதி. அதன்மேல் என் வைக்கிங் சிறுமியின் மோதிரத்தை வைத்து மூடி, சாமியையும் ஒருமுறை கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

அருங்காட்சியகத்தில் ஒரு பெண் வந்து என்னை அறைக்குள் கூட்டிப்போனார். மெல்லிய கையுறை போட்டுக்கொண்டார். நான் தோட்டத்தைச் சொன்னேன், உழுத நிலத்தைச் சொன்னேன், முக்கோணத்தைச் சொன்னேன், என் கருத்துப்படி எந்தக் காலத்துக்குரியது என்பதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டபடி வளையத்தை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் பார்த்தார்.

"இந்தத் தாளுக்குள் இருப்பதும் அதே நிலத்தில்தான் கிடைத்ததா?"

"தாளுக்குள்ளா?" என்றேன்.

அவர் ரோசாத்தாளைப் பிரித்தார். உள்ளே பளபளவென்று ஒரு வெள்ளி வளையம். விபூதி போட்டு மினுக்கியது. அவர் அதை எடுத்துக் கறுத்ததற்குப் பக்கத்தில் வைத்தார். அதே முக்கோணம். அதே புள்ளி. ஒன்று வட்டமாக இருந்தது, மற்றது கலப்பையில் மாட்டி விரிந்திருந்தது. வேறு வித்தியாசம் இல்லை.

"இரண்டும் அடிப்பக்கத்தில் மட்டும் தேய்ந்திருக்கின்றன, பாருங்கள்," என்றார் அவர். "கைவிரல் மோதிரம் இப்படித் தேயாது. இவற்றின்மேல் யாரோ நிறைய நடந்திருக்கிறார்கள். யார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"என்ரை மனுசி," என்றேன். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு நோர்வே மொழியில் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. அதற்கு அவருக்கு எவ்வளவு பயிற்சி தேவைப்பட்டிருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன். இரண்டையும் ரோசாத்தாளில் வைத்து மடித்து, பெட்டியை மூடி, என் பக்கம் தள்ளினார். "அப்படியென்றால் அரசாங்கம் இதற்கு உரிமை கோராது," என்றார்.

வெளியே வந்து போனைப் பார்த்தால் வரிசையாக அவளுடைய அழைப்புகள். ரயிலில் ஏறியதும் மறுபடியும் அடித்தது.

"இஞ்சாருங்கோ, சாமித்தட்டிலை ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது. கண்டனீங்களே?" குரல் உடைந்திருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். ரயில் நிறையச் சனம், பாதிப் பேர் தமிழர். "வீட்டை வந்து சொல்லுறன்," என்று வைத்துவிட்டேன். ரொம்மன் வரும்வரை பெட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்து மேலே கையால் பொத்திக்கொண்டு இருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டும் வந்தால் முகத்தை எப்படி வைத்திருப்பது என்று தெரியவில்லை.

வீட்டில் அலுமாரிகள் எல்லாம் திறந்து கிடந்தன. அரிசி வாளி வரை கவிழ்த்திருந்தாள். நடு அறையில் நிலத்தில் இருந்தாள்.

"இருந்த ஒண்டையும் காணேல்லை," என்றாள். "அப்பா தந்ததிலை இனி ஒண்டும் இல்லை."

பெட்டியை அவள் மடியில் வைத்தேன். திறந்தாள், தாளைப் பிரித்தாள். கறுத்துக் கோணியிருந்ததை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். உருப்பெருக்கியும் கேட்கவில்லை, புத்தகமும் கேட்கவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் விழுந்தது.

"எங்கை கிடந்தது?"

"தோட்டத்திலை."

நான் சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பெட்டி ஏன் வெளியே போனது என்றுதான் கேட்டாள். வைக்கிங் சிறுமியில் தொடங்கி அரசாங்கம் வரைக்கும் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"கலியாணத்திலை அம்மியிலை என்ரை காலை வைச்சு, நீங்கள்தானே பூட்டினனீங்கள். உங்கடை கையாலை பூட்டினதை உங்களுக்குத் தெரியேல்லையே?"

அதற்கும் சாட்சி எங்கள் வீட்டிலேயே இருந்தது. திருச்சி வீடியோக்காரர் அந்த நேரம் பார்த்து, "சார், இங்க பாருங்க சார், கொஞ்சம் சிரிங்க," என்றார். வெளிநாட்டு மாப்பிள்ளை அல்லவா, நான் தலையை நிமிர்த்திப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். கசற்றைப் போட்டால் இப்போதும் பார்க்கலாம். கீழே கை தன்பாட்டில் மெட்டியைப் பூட்டும், முகம் கமராவை விட்டு அசையாது. நான் அந்த மெட்டியை அன்றைக்கும் சரி, பிறகும் சரி, ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததே இல்லை.

அவள் எழும்பிப்போய்ப் பழப்புளி கரைத்தாள், விபூதி எடுத்தாள். ஐந்து நிமிடத்தில் ஆயிரம் வருடமும் தொட்டிக்குள் போயிற்று. நான் குறட்டில் துணி சுற்றி மெதுவாக வளைத்து வட்டமாக்கிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கவில்லை. கதிரையில் இருந்து, வலது காலை நீட்டி என் முழங்காலில் வைத்தாள்.

"இப்ப வீடியோக்காரன் இல்லை. குனிஞ்சு பாத்துப் பூட்டுங்கோ."

குனிந்தேன். பார்த்தேன். அவளுடைய இரண்டாம் விரல் பெருவிரலை விட நீளம். கால் விரல் அப்படி அமைந்த பெண் புருசனை ஆளுவாள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதைத் திருச்சியிலேயே குனிந்து பார்த்திருந்தால், விழுந்தது தோட்டத்தில்தான் என்று அவள் சொன்ன அன்றைக்கே ஏரிக்கரையை விட்டுக் காரைத் திருப்பியிருப்பேன்.